ஸ்கிரிப்ட் ஓடுகிறது, கியோஸ்க் மட்டும் வரவில்லை: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கணினியை ஆன் செய்ததும் ஒரே ஒரு செயலியோ ஒரே ஒரு இணையப் பக்கமோ முழுத்திரையில் வந்து நிற்க வேண்டும், எதிரே நிற்பவர் எதைத் தட்டினாலும் அதை விட்டு வெளியே போகக் கூடாது. கியோஸ்க் முறையில் நமக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு கணினி என்றால் செட்டிங்ஸில் போய்க் கையாலேயே அமைத்துவிடலாம். பத்து, இருபது என்று போகும்போது ஸ்கிரிப்ட் எழுதுகிறோம், தலைவலி அங்கேதான் ஆரம்பிக்கிறது. கையால் செய்தால் ஒழுங்காக நடக்கும் அதே அமைப்பு ஸ்கிரிப்டில் செய்தால் நடப்பதில்லை.

காரணம் தேடி ஸ்கிரிப்டை வரி வரியாக முறைத்துப் பார்ப்பதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்த வரி எந்தப் பயனராக ஓடுகிறது? எந்த நேரத்தில் ஓடுகிறது? கையால் செய்யும்போது நீங்கள் லாகின் ஆகி, டெஸ்க்டாப் வந்து, நெட்வொர்க் கிடைத்து, எல்லாம் அடங்கிய பிறகு உங்கள் சொந்தக் கணக்கில் செய்கிறீர்கள். ஸ்கிரிப்டோ வின்டோஸின் சிஸ்டம் கணக்கிலோ லினக்ஸின் ரூட் கணக்கிலோ, பாதிதான் எழுந்திருக்கிற கணினியில் ஓடுகிறது. கீழே உள்ள அறிகுறிகளில் நிறைய இந்த இரண்டு கேள்வியில் ஒன்றில்தான் போய் முடியும்.

எதையும் தொடுவதற்கு முன், கியோஸ்க் கணக்கு இல்லாமல் தனியாக ஒரு அட்மின் கணக்கு வைத்து, அதன் கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று ஒருமுறை லாகின் செய்தே பார்த்துவிடுங்கள். முடிந்தால் எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து கட்டளை வரியில் நுழையும்) வழியையும் திறந்து வையுங்கள். அப்புறம் ஸ்கிரிப்டின் தலையில் லாக் எழுதும் வரியைச் சேருங்கள். வின்டோஸின் ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்லில் 'ஸ்டார்ட்-டிரான்ஸ்கிரிப்ட்' போட்டு, 'எரர்ஆக்‌ஷன்பிரிஃபரன்ஸ்' மதிப்பை 'ஸ்டாப்' என்று வைத்தால் முதல் பிழையிலேயே நிற்கும். அது இல்லாவிட்டால் பல பிழைகளைச் சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத விண்டோவில் அந்தச் சிவப்பு எழுத்தை யார் பார்ப்பது? லினக்ஸின் பாஷ் என்றால் 'செட்' கட்டளையில் ஈ, யூ, பைப்ஃபெயில் மூன்றையும் போட்டு (இதுவும் முதல் பிழையில் நிறுத்தத்தான்), வெளியீடு முழுவதையும் ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள்.

பிழை எதுவும் இல்லை, ஆனால் எதுவும் மாறவும் இல்லை

முதலில் வின்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஹோம் பதிப்பில் அசைன்டு ஆக்சஸ் (வின்டோஸிலேயே உள்ள கியோஸ்க் வசதி) கிடையாது, புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் உண்டு. ஷெல் லாஞ்சர் (டெஸ்க்டாப்புக்குப் பதில் நாம் சொல்லும் நிரலையே எழுப்பும் வசதி) என்றால் இன்னும் இறுக்கம், அதற்கு என்டர்பிரைஸ், எஜுகேஷன் அல்லது ஐஓடி என்டர்பிரைஸ் வேண்டும், புரோவில் கிடையாது. இருக்கிற பதிப்புகளிலும் அது முன்கூட்டியே இயங்கும் வசதி இல்லை, 'டிஸ்ம்' கட்டளை வழியாகத் தனியாக இயக்கிவிட வேண்டும். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே பதிப்பைச் சோதித்து, பொருந்தாவிட்டால் சொல்லிவிட்டு நிற்கும்படி எழுதுவது நல்லது.

பதிப்பு சரி என்றால் அடுத்த சந்தேகம் 32 பிட். மேலாண்மை மென்பொருள் வழியாக அனுப்பும் ஸ்கிரிப்டுகள் சில நேரம் 64 பிட் கணினியிலும் 32 பிட் பவர்ஷெல்லில்தான் ஓடும். மைக்ரோசாஃப்டின் மேலாண்மை மென்பொருளான இன்டியூனில் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது, அதை மாற்றாமல் விட்டால் 32 பிட்தான். அப்போது ரெஜிஸ்ட்ரியில் (வின்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) 'ஹெச்கேஎல்எம்' என்ற, கணினி முழுவதற்குமான கிளையின் கீழே சாஃப்ட்வேர் பகுதியில் நீங்கள் எழுதுவது சத்தமில்லாமல் 'வாவ்6432நோட்' என்ற கிளைக்குத் திருப்பி விடப்படும். ஸ்கிரிப்ட் எழுதியதையே மறுபடி படித்துப் பார்த்தால் சரியாக இருப்பதாகச் சொல்லும், ஏனென்றால் படிப்பதும் அதே இடத்திலிருந்துதான். ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து உங்கள் கண்ணால் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் அதிகம் மாட்டுவது, 'ஹெச்கேசியூ'. இது இப்போது ஓடும் பயனரின் ரெஜிஸ்ட்ரி. ஸ்கிரிப்ட் சிஸ்டம் கணக்கில் ஓடினால் சிஸ்டத்தின் அமைப்பு மாறும், அட்மினாக ஓடினால் அட்மினுடையது மாறும், கியோஸ்க் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. சரியான வழி, அந்தக் கணக்கின் 'என்டியூசர்.டேட்' கோப்பை 'ரெக் லோடு' செய்து, அதில் எழுதி, 'ரெக் அன்லோடு' செய்வது. இதிலும் இரண்டு பள்ளம் இருக்கிறது. கணக்கை உருவாக்கிவிட்டு ஒருமுறைகூட லாகின் ஆகாவிட்டால் அந்தக் கோப்பே இருக்காது, புரொஃபைல் முதல் லாகினில்தான் உருவாகும். அந்த நிலையில் 'டிஃபால்ட்' புரொஃபைலின் கோப்பில் எழுதிவிடுங்கள், புதிதாகப் பிறக்கும் புரொஃபைல் அதைத்தான் நகல் எடுக்கும் (பின்னால் உருவாகும் மற்றக் கணக்குகளுக்கும் அது போகும் என்பதால் வேலை முடிந்ததும் பழையபடி திருப்பிவிடுங்கள்). இன்னொன்று, பவர்ஷெல் அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அன்லோடு மறுக்கப்படும். பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்‌ஷனை ஒருமுறை அழைத்துவிட்டு அன்லோடு செய்தால் விடும். விடாமல் அப்படியே கிடந்தால் கியோஸ்க் கணக்கு தற்காலிக புரொஃபைலோடு லாகின் ஆகும், நீங்கள் செய்த எதுவும் அங்கே இருக்காது.

லினக்ஸில் இதே கதையின் இன்னொரு வடிவம், டெஸ்க்டாப் அமைப்புகளை மாற்றும் 'ஜிசெட்டிங்ஸ்' கட்டளையை சூடோ (ரூட் உரிமை) போட்டு ஓட்டுவது. ரூட்டின் அமைப்புதான் மாறும். எல்லாருக்கும் பொருந்த வேண்டும் என்றால் 'டிகான்ஃப்' கோப்பகத்தில் அமைப்புக் கோப்பை வைத்து 'டிகான்ஃப் அப்டேட்' கொடுங்கள்.

ஒரு விண்டோ மின்னி மறைகிறது, அவ்வளவுதான்

காரணம் பவர்ஷெல்லின் எக்சிக்யூஷன் பாலிசி, அதாவது ஸ்கிரிப்ட் கோப்புகளை ஓட விடலாமா என்ற விதி. சாதாரண வின்டோஸ் கணினிகளில் இது தொடக்கத்தில் 'ரெஸ்ட்ரிக்டட்' நிலையில்தான் இருக்கும், ஸ்கிரிப்ட் கோப்பு எதுவும் ஓடாது. அழைக்கும்போதே 'பைபாஸ்' என்று கொடுங்கள். குரூப் பாலிசியில் (நிர்வாகி மொத்தமாகப் போடும் விதிகள்) இது பூட்டப்பட்டிருந்தால் அந்தத் தேர்வும் எடுபடாது, அங்கே போய்த்தான் மாற்ற வேண்டும். 'ரிமோட்சைன்டு' நிலையில் இருக்கும் கணினியில், இணையத்திலிருந்து இறக்கிய கோப்பாக இருந்தால் 'அன்பிளாக்-ஃபைல்' ஒருமுறை ஓட்டுங்கள்.

ஸ்கிரிப்டுக்குள் தமிழ் எழுத்து எங்காவது, உதாரணமாகப் பக்கத்தின் தலைப்பாகவோ கோப்புறையின் பெயராகவோ இருந்தால் இன்னொரு விஷயம் கவனியுங்கள். பவர்ஷெல் 5.1, பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் குறியாக்கத்தைச் சொல்லும் அடையாளம்) இல்லாத யூடிஎஃப்-8 கோப்பைப் பழைய ஆன்சி குறியாக்கமாக எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்து குப்பையாகி, சில சமயம் மேற்கோள் குறி ஒன்று நடுவில் முளைத்து, சம்பந்தமே இல்லாத வரியில் பிழை காட்டும். பிஓஎம் உடன் சேமித்தால் தீர்ந்தது.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி '203/எக்செக்' என்று காட்டினால் கோப்புக்கு ஓடும் அனுமதி இல்லை, பாதை தப்பு, அல்லது கோப்பை வின்டோஸில் எழுதியதால் வரி முடிவுகள் வேறு மாதிரி இருக்கின்றன. மூன்றாவதுதான் ஆளைக் குழப்பும், கோப்பு கண்ணெதிரே இருக்கும், 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று சொல்லும். 'டாஸ்2யூனிக்ஸ்' ஓட்டுங்கள்.

எக்ஸ்எம்எல் கொடுத்தால் ஏற்க மறுக்கிறது

அசைன்டு ஆக்சஸ் அமைப்பை எக்ஸ்எம்எல் ஆக எழுதி, டபிள்யூஎம்ஐ (வின்டோஸின் மேலாண்மை இடைமுகம்) வழியாக 'எம்டிஎம்_அசைன்டுஆக்சஸ்' வகுப்பில் செலுத்துவது வழக்கம். இங்கே அட்மின் உரிமை போதாது, சிஸ்டம் கணக்கிலேயே ஓட வேண்டும். சோதனைக்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித்தொகுப்பின் 'பிஎஸ்எக்செக்' போதும், பல கணினிகளுக்கு என்றால் சிஸ்டம் கணக்கில் ஓடும் ஷெட்யூல்டு டாஸ்க் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டமாக ஓடியும் மறுத்தால், எக்ஸ்எம்எல் உரையை அப்படியே கொடுத்திருப்பீர்கள். அதை 'ஹெச்டிஎம்எல்என்கோடு' செய்த பிறகுதான் கொடுக்க வேண்டும். அடுத்து ஜியூஐடி என்ற தனித்த அடையாள எண். புரொஃபைலுக்குக் கொடுத்த எண்ணும், கீழே கணக்கோடு இணைக்கும் இடத்தில் கொடுத்த எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மாதிரியை நகல் எடுத்து ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் இங்கே இடிக்கும். கணக்கின் பெயரும் அப்படித்தான், அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்க வேண்டும்.

எளிய வழியான 'செட்-அசைன்டுஆக்சஸ்' கட்டளை யூடபிள்யூபி செயலிகளுக்கு (மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வகைச் செயலிகள்) மட்டும்தான். பழைய பாணி எக்ஸ்ஈ கோப்பின் பாதையைக் கொடுத்துவிட்டு வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பதில் பலன் இல்லை. யூடபிள்யூபி என்றாலும் அந்தச் செயலி கியோஸ்க் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள், இந்தச் செயலிகள் கணக்குவாரியாக நிறுவப்படுபவை. உங்கள் கணக்கில் இருப்பது அங்கே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'கெட்-ஸ்டார்ட்ஆப்ஸ்' கட்டளையைக் கியோஸ்க் கணக்கிலேயே ஓட்டினால் உண்மையும் தெரியும், செயலிக்கான சரியான அடையாளச் சரமும் கிடைக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கியோஸ்க் எழவில்லை என்றால் யுஏசி (அட்மின் உரிமை தேவைப்படும்போது அனுமதிப் பெட்டி காட்டும் வசதி) அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது இயங்கினால்தான் அசைன்டு ஆக்சஸ் வேலை செய்யும். அப்புறம், ரிமோட் டெஸ்க்டாப் வழியாகச் சோதிக்காதீர்கள். கியோஸ்க் அதில் வராது. ஹைப்பர்-வி மெய்நிகர் கணினியில் என்ஹான்ஸ்டு செஷனும் உள்ளுக்குள் அதே ரிமோட் டெஸ்க்டாப்தான், பேசிக் செஷனுக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். ஈவென்ட் வியூவரில் மைக்ரோசாஃப்ட், வின்டோஸ், அசைன்டுஆக்சஸ் என்று இறங்கினால் இதற்கென்றே லாக் இருக்கிறது. தேடலில் நேரம் செலவழிப்பதற்கு முன் அங்கே ஒரு பார்வை போடுங்கள்.

தானாக லாகின் ஆகவில்லை

ரெஜிஸ்ட்ரியின் வின்லாகான் கிளையில் 'ஆட்டோஅட்மின்லாகான்' மதிப்பு 1 ஆக, அதுவும் சரம் வகையாக இருக்க வேண்டும். பயனர் பெயர், கடவுச்சொல், டொமைனில் சேர்ந்த கணினி என்றால் டொமைன் பெயர் ஆகியவையும் அதே இடத்தில். கடவுச்சொல் அங்கே வெறும் உரையாகக் கிடக்கும் என்பது இதன் அசிங்கமான பக்கம். சிஸ்இன்டர்னல்ஸின் 'ஆட்டோலாகான்' கருவி அதைக் குறியாக்கி வேறு இடத்தில் வைக்கும், நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

சில முறை லாகின் ஆகிவிட்டு அப்புறம் நின்றுபோனால் 'ஆட்டோலாகான்கவுன்ட்' என்ற மதிப்பு இருக்கிறதா பாருங்கள். நிறுவும்போது பயன்படுத்திய பதில் கோப்பு விட்டுச்சென்றது அது. ஒவ்வொரு லாகினுக்கும் ஒன்று குறைந்து, பூஜ்யம் ஆனதும் தானியங்கி லாகினையே அணைத்துவிடும். ஸ்கிரிப்டில் அதை நீக்கும் வரி ஒன்று கண்டிப்பாக வேண்டும். லாகினுக்கு முன் சட்ட அறிவிப்பு காட்டும் பாலிசி இருந்தாலும், மின்னஞ்சல் கணக்கு வழியாக எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க் கடவுச்சொல் விதி வந்து உட்கார்ந்திருந்தாலும் இதே தொல்லைதான்.

லினக்ஸில் லாகின் மேலாளர் ஜிடிஎம் என்றால் அமைப்புக் கோப்பின் பெயர் டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ மாறும், உபுண்டுவில் ஒன்று, டெபியனில் வேறு. ஸ்கிரிப்ட் தப்பான பெயரில் புதுக்கோப்பு ஒன்றை உருவாக்கிவிட்டு வெற்றி என்று சொல்லியிருக்கும். லைட்டிஎம் என்றால், ஆர்ச்சில் பயனர் 'ஆட்டோலாகின்' குழுவிலும் இருக்க வேண்டும். வரைகலை லாகின் மேலாளர் எதுவும் வேண்டாம் என்று 'ஏகெட்டி' வழியாக லாகின் செய்பவர்கள், சிஸ்டம்டியில் மேலெழுதும் கோப்பில் முதலில் 'எக்செக்ஸ்டார்ட்' வரியை வெறுமையாக ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்த வரியில் புதிய கட்டளையை எழுத வேண்டும். வெறும் வரி இல்லாவிட்டால் பழையதும் புதியதும் சேர்ந்து இரண்டாகி, சேவையே எழாது.

கறுப்புத் திரை, அம்புக்குறி மட்டும்

வின்டோஸில் ஷெல்லை மாற்றும் முறையில் வரும் அறிகுறி இது. எக்ஸ்புளோரருக்குப் பதிலாக நீங்கள் சொன்ன நிரல் எழவில்லை, அல்லது எழுந்து உடனே முடிந்துவிட்டது. கன்ட்ரோல்+ஆல்ட்+டெலீட் அழுத்தி, டாஸ்க் மேனேஜர் திறந்து, அங்கிருந்து அதே கட்டளையைக் கையால் ஓட்டுங்கள். பாதையில் இடைவெளி இருந்து மேற்கோள் குறி விட்டுப்போயிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

நிரல் எழுகிறது, ஆனால் அதன் துணை நிரல்கள் வரவில்லை என்றால், அவற்றை ஸ்டார்ட்அப் கோப்புறையிலோ ரெஜிஸ்ட்ரியின் 'ரன்' கிளையிலோ வைத்திருப்பீர்கள். அவற்றைப் படித்து ஓட்டுவது எக்ஸ்புளோரரின் வேலை. அதை எடுத்துவிட்ட பிறகு அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. எல்லாவற்றையும் ஒரே தொடக்க ஸ்கிரிப்டில் வைத்து, அந்த ஸ்கிரிப்டையே ஷெல்லாகக் கொடுங்கள்.

லினக்ஸில் கறுப்புத் திரை என்றால் 'ஜர்னல்சிடிஎல்' என்ற லாக் கட்டளை சொல்வதைப் படியுங்கள். 'டிஸ்ப்ளே திறக்க முடியவில்லை' என்றிருந்தால் சேவைக்கு டிஸ்ப்ளே, எக்ஸ்அத்தாரிட்டி என்ற சூழல் மாறிகள் (என்விரான்மென்ட் வேரியபிள்) போய்ச்சேரவில்லை, அல்லது திரையை நிர்வகிக்கும் எக்ஸ் சர்வர் எழுவதற்கு முன்பே பிரவுசர் எழப் பார்க்கிறது. யாராக, எப்போது என்ற இரண்டு கேள்வியும் ஒரே இடத்தில் சந்திக்கும் பிழை இது. புதிதாக அமைப்பவர்கள் வேலண்டில் (எக்ஸ் சர்வருக்குப் பின் வந்த திரை அமைப்பு) 'கேஜ்' என்ற சிறிய கம்பாசிட்டரை (விண்டோக்களைத் திரையில் காட்டும் நிரல்) முயன்று பார்க்கலாம். அது ஒரே ஒரு செயலியை முழுத்திரையில் காட்டுவதற்காகவே எழுதப்பட்டது, டெஸ்க்டாப் சூழல் முழுவதையும் ஏற்றிவிட்டு அதில் ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டிருப்பதைவிட எவ்வளவோ சுத்தம்.

பிரவுசர் வருகிறது, ஆனால் சாதாரண விண்டோவாக வருகிறது

கட்டளையில் கியோஸ்க் ஸ்விட்ச் சரியாகவே இருக்கும், இருந்தும் முகவரிப் பட்டையோடு, மேலே தாவல்களோடு திறக்கும். குரோம், எட்ஜ் இரண்டிலும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. அதே புரொஃபைலில் பிரவுசர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய கட்டளை பழைய பிராசஸிடம் முகவரியை மட்டும் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், கியோஸ்க் ஸ்விட்ச் காற்றோடு போய்விடும். எட்ஜில் ஸ்டார்ட்அப் பூஸ்ட் என்ற வசதி, விண்டோ எதுவும் இல்லாமலே பின்னணியில் பிராசஸ்களை வைத்திருக்கும், அதனால் பிரவுசரைத் திறக்கவே இல்லையே என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். பாலிசி வழியாக ஸ்டார்ட்அப் பூஸ்டையும், பின்னணியில் தொடரும் வசதியையும் அணையுங்கள். ஸ்கிரிப்டில் பிரவுசரைத் தொடங்கும் முன் மிச்சம் இருக்கும் பிராசஸ்களை முடித்துவிடுங்கள். அல்லது கியோஸ்குக்கென்றே தனி 'யூசர்-டேட்டா-டிர்' (புரொஃபைல் கோப்புறை) கொடுங்கள், இரண்டு திரையில் இரண்டு பக்கம் காட்ட வேண்டும் என்றால் இது எப்படியும் தேவைப்படும்.

எட்ஜில் இன்னொரு குழப்பம். கியோஸ்க் வகை என்ற தனி ஸ்விட்சில் 'ஃபுல்ஸ்கிரீன்' என்று கொடுத்தால்தான் முழுத்திரை. 'பப்ளிக்-பிரவுசிங்' என்று கொடுத்தால் முகவரிப் பட்டை இருக்கத்தான் செய்யும், அது பிழை இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் கியோஸ்க் ஸ்விட்ச் 2019-இல் வந்த 71-ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு.

பக்கத்துக்குப் பதிலாகத் தேடல் முடிவு வருகிறது, அல்லது முகவரி பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது

கட்டளையை எங்கிருந்தோ நகல் எடுத்து ஒட்டியிருந்தால் ஸ்விட்சின் முன்னால் இருக்க வேண்டிய இரண்டு சிறு கோடுகள் ஒரு நீளக் கோடாக மாறியிருக்கும், பிரவுசர் அதைத் திறக்க வேண்டிய முகவரி என்றே நினைத்துக்கொள்ளும். அழித்துவிட்டுக் கையால் தட்டச்சு செய்யுங்கள். முகவரியில் 'உம்' குறி, அதாவது ஆம்பர்சண்ட் இருந்து மேற்கோள் போடாமல் விட்டால் பேட்ச் கோப்பு, பாஷ் இரண்டிலும் அங்கேயே வெட்டுப்படும். சதவீதக் குறி இருந்தால் பேட்ச் கோப்பிலும் சிஸ்டம்டி சேவைக் கோப்பிலும் அதை இரட்டிப்பாக எழுத வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்கிறது

மின்சாரம் போய் வந்த பிறகு 'பக்கங்களை மீட்டெடுக்கவா' என்று குரோமியம் (குரோமுக்கு அடிப்படையான திறந்த மூல பிரவுசர்) கேட்பது எல்லாருக்கும் பழக்கமான தொல்லை. புரொஃபைலில் 'பிரிஃபரன்சஸ்' என்ற கோப்பில் 'எக்சிட்_டைப்' மதிப்பு 'கிராஷ்டு' என்று எழுதப்பட்டிருக்கும். பிரவுசரைத் தொடங்கும் முன் அதை 'நார்மல்' என்று மாற்றும் ஒரு 'செட்' (sed, கோப்பில் உரையை மாற்றும் கட்டளை) வரி போட்டால் கேட்காது. பக்கத்தில் லாகின் நினைவில் இருக்கத் தேவையில்லை என்றால் இன்காக்னிட்டோவில் ஓட்டுவது அதைவிடச் சுலபம். முதல் முறை வரவேற்புப் பக்கத்துக்கு 'நோ-ஃபர்ஸ்ட்-ரன்' ஸ்விட்ச். லினக்ஸில் கீரிங் (கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டகம்) கடவுச்சொல் கேட்டால் அது தானியங்கி லாகினின் பக்க விளைவு, கடவுச்சொல் தட்டாமல் உள்ளே போனதால் கீரிங் திறக்கவில்லை. 'பாஸ்வேர்டு-ஸ்டோர்' ஸ்விட்சுக்கு 'பேசிக்' என்று கொடுங்கள்.

ஒரு கணினியை அமைத்து, அதன் டிஸ்க் நகலை மற்றவற்றில் இறக்கியவர்களுக்கு மட்டும் வரும் ஒன்று உண்டு. 'இந்த புரொஃபைலை வேறு கணினியில் இன்னொரு குரோமியம் பயன்படுத்துகிறது' என்று சொல்லி நிற்கும். புரொஃபைலில் 'சிங்கிள்டன்லாக்' என்ற இணைப்புக் கோப்பில் கணினியின் பெயரும் பிராசஸ் எண்ணும் பதிந்திருக்கும். நகலில் பழைய கணினியின் பெயர் இருக்கிறது, நீங்கள் புதுப் பெயர் வைத்துவிட்டீர்கள், அதனால் பூட்டியது யாரோ என்று அது நினைக்கிறது. 'சிங்கிள்டன்' என்று தொடங்கும் மூன்று கோப்புகளையும் தொடக்க ஸ்கிரிப்டிலேயே அழித்துவிடுங்கள்.

காலையில் ஆன் செய்தால் 'தளத்தை அடைய முடியவில்லை', புதுப்பித்தால் வந்துவிடுகிறது

நெட்வொர்க் வருவதற்கு முன்பே பிரவுசர் எழுந்துவிட்டது. சிஸ்டம்டியில் 'நெட்வொர்க்.டார்கெட்' என்று எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நெட்வொர்க் மேலாண்மை தொடங்கிவிட்டது என்று மட்டும்தான் சொல்லும், இணைப்பு கிடைத்தது என்று சொல்லாது. 'நெட்வொர்க்-ஆன்லைன்' பரவாயில்லை. ஆனால் சர்வர் எழ நேரமானால் அதுவும் உதவாது, ஆகவே 'கர்ல்' கட்டளை வைத்து உங்கள் பக்கத்தையே சில விநாடிக்கு ஒருமுறை தட்டிப் பார்த்து, பதில் வந்த பிறகு பிரவுசரைத் திறக்கும் ஒரு சுற்று எழுதுவதுதான் உறுதியான வழி. முப்பது விநாடி 'ஸ்லீப்' போட்டுச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நெட்வொர்க் முப்பத்தோராவது விநாடியில் வரும் நாளில் அது காலை வாரிவிடும்.

புதுப்பித்தாலும் வரவில்லை, சான்றிதழின் தேதி சரியில்லை என்கிறது என்றால் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் மின்சாரம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் தேதி பழைய காலத்துக்குப் போய்விடும். ஸ்கிரிப்டில் நேர ஒத்திசைவு முடியும்வரை காத்திருக்கலாம், ஆனால் பேட்டரியை மாற்றிவிடுவதே மேல்.

மூடினால் திரும்ப எழவில்லை

குரோமின் கியோஸ்க் முறையில் ஆல்ட்+எஃப்4 அழுத்தினால் மூடத்தான் செய்யும். கீபோர்டு இருக்கும் இடத்தில் யாராவது அழுத்தத்தான் செய்வார்கள். தடுப்பதைவிட மீண்டும் எழுப்புவது சுலபம். ஷெல் லாஞ்சரில் நிரல் முடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற தேர்வில் 'ஷெல்லை மீண்டும் தொடங்கு' என்பதைக் கொடுங்கள். 'கணினியை ரீஸ்டார்ட் செய்' என்று கொடுத்துவிட்டு நிரல் தொடக்கத்திலேயே விழுந்தால் கணினி முடிவில்லாமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும்.

சிஸ்டம்டியில் 'ரீஸ்டார்ட்' மதிப்பை 'ஆல்வேஸ்' என்று போட்டும் கொஞ்ச நேரத்தில் கைவிட்டுவிடுகிறது என்றால் அது தொடக்க வரம்பு. வழக்கமான அமைப்பில் 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க விடாது, அதுவும் ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் 100 மில்லி விநாடிதான் காத்திருக்கும், ஆக ஐந்து வாய்ப்பும் கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். 'ரீஸ்டார்ட்செக்' மதிப்பை 5 ஆக்குங்கள், 'ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்' மதிப்பை 0 ஆக்குங்கள். இரண்டாவதை 'யூனிட்' பகுதியில் எழுத வேண்டும், 'சர்வீஸ்' பகுதியில் எழுதினால் கண்டுகொள்ளாது.

திரை அணைந்துவிடுகிறது

எக்ஸ் சர்வரில் 10 நிமிடத்தில் அணைந்தால் அதன் இயல்பான அமைப்பு. 'எக்ஸ்செட்' கட்டளையில் ஸ்கிரீன் சேவரையும் டிபிஎம்எஸ்-ஐயும் (மானிட்டரின் மின் சேமிப்பு) அணையுங்கள், கியோஸ்க் செஷனுக்குள் இருந்து. வின்டோஸில் 'பவர்சிஎஃப்ஜி' வைத்து மானிட்டர், ஸ்லீப் இரண்டையும் 0 ஆக்குங்கள். அப்படியும் பூட்டுத்திரை வந்தால் குரூப் பாலிசியில் செயலற்ற நேர வரம்பு இருக்கிறது.

ஆட்கள் வெளியே போய்விடுகிறார்கள்

ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பெட்டி வரும், அதிலுள்ள இணைப்பு செட்டிங்ஸுக்குக் கூட்டிப்போகும். கியோஸ்க் கணக்கின் ரெஜிஸ்ட்ரியில் ஸ்டிக்கிகீஸ் கிளையில் 'ஃபிளாக்ஸ்' மதிப்பை 506 ஆக்குங்கள் (எந்தக் கணக்கின் ரெஜிஸ்ட்ரி என்பதை மறக்க வேண்டாம்). தொடுதிரையில் ஓரத்திலிருந்து இழுத்தால் அறிவிப்புப் பலகை வருவதை நிறுத்த 'அலவ்எட்ஜ்ஸ்வைப்' பாலிசியை 0 ஆக்குங்கள். கோப்பைத் திற, அச்சிடு, இப்படிச் சேமி என்று ஒரு பெட்டி திறந்துவிட்டால் அதன் வழியாக முழு டிஸ்க்கையும் மேயலாம். பிரவுசர் பாலிசியில் எல்லா முகவரியையும் தடுத்து, வேண்டியதை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள், டெவலப்பர் கருவிகளையும் அணையுங்கள். பாலிசி எடுபடவில்லை என்றால் பிரவுசரின் பாலிசி பக்கத்தைத் திறந்து பாருங்கள். லினக்ஸில் கூகுள் குரோமுக்கும் குரோமியத்துக்கும் பாலிசி கோப்புறை வேறு வேறு, பாலிசி எழுதும் ஜேசன் கோப்பில் எழுத்து அமைப்புப் பிழை இருந்தால் அந்தக் கோப்பு மொத்தமும் போச்சு.

கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்2 அழுத்தி டெக்ஸ்ட் கன்சோலுக்குத் தாவுவதைத் தடுக்க எக்ஸ் சர்வர் அமைப்பில் 'டோன்ட்விடிஸ்விட்ச்' இருக்கிறது. எஸ்எஸ்ஹெச் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இதைப் போடுங்கள், இல்லையென்றால் நீங்களும் வெளியேதான்.

ஒரு மாதத்துக்கு மேல் நன்றாக ஓடி, திடீரென்று லாகின் திரையில் நிற்கிறது

42 நாள். வின்டோஸில் ஸ்கிரிப்ட் உருவாக்கிய உள்ளூர்க் கணக்கின் கடவுச்சொல்லுக்கு வழக்கமான ஆயுள் அதுதான். கணக்கை உருவாக்கும் வரியில் 'பாஸ்வேர்டுநெவர்எக்ஸ்பையர்ஸ்' சேருங்கள், ஏற்கெனவே நின்றவற்றில் கணக்கின் அமைப்பை மாற்றிவிடுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு 'உங்கள் சாதனத்தை அமைத்து முடிப்போம்' என்ற திரை வந்து நின்றால் அதற்கும் ரெஜிஸ்ட்ரியில் தனி மதிப்பு உண்டு, 'ஸ்கூப்சிஸ்டம்செட்டிங்எனேபிள்டு' 0 ஆக வேண்டும், இதுவும் கியோஸ்க் கணக்கின் கிளையில்தான். லினக்ஸில் ஸ்னாப் என்ற தொகுப்பு முறை வழியாக வந்த பிரவுசர் என்றால் அது தானே புதுப்பித்துக்கொள்ளும், அதோடு வீட்டுக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புறைகளைத் தொட அதற்கு அனுமதி இல்லை. தனி புரொஃபைலை அங்கே வைத்திருந்தால் அது எழாது.

நீங்களே உள்ளே போக முடியவில்லை

ஷெல் மதிப்பை 'ஹெச்கேசியூ'-க்குப் பதிலாக 'ஹெச்கேஎல்எம்' கிளையில் மாற்றியிருந்தால் அட்மின் லாகினிலும் கியோஸ்க்தான் வரும். பதற வேண்டாம். டாஸ்க் மேனேஜர் திறந்தால் அங்கிருந்து எக்ஸ்புளோரரை ஓட்டி மதிப்பைத் திருப்பிவிடுங்கள். டாஸ்க் மேனேஜரையும் பாலிசியில் அடைத்திருந்தால், லாகின் திரையில் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து மீட்புச் சூழலுக்குப் போய், கமாண்ட் பிராம்ப்டில் 'ரெக் லோடு' செய்து டிஸ்க்கில் இருக்கும் 'சாஃப்ட்வேர்' கோப்பில் திருத்தலாம். பிட்லாக்கர் டிஸ்க் குறியாக்கம் போட்டிருந்தால் மீட்பு விசை கையில் இருக்க வேண்டும். தானியங்கி லாகின் விடாமல் கியோஸ்க் கணக்குக்கே இழுத்துப்போனால் தொடங்கும்போது ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள், 'இக்னோர்ஷிஃப்ட்ஓவர்ரைடு' போடாத கணினியில் அது லாகின் திரையில் நிற்கும். அசைன்டு ஆக்சஸ் ஒரே செயலி முறை என்றால் கன்ட்ரோல்+ஆல்ட்+டெலீட் போதும், அட்மினாக உள்ளே போய் 'கிளியர்-அசைன்டுஆக்சஸ்'. லினக்ஸில் கணினி எழும்போது வரும் கிரப் பட்டியலில் கர்னல் வரியின் கடைசியில் 'சிஸ்டம்டி.யூனிட்' மதிப்பை 'ரெஸ்க்யூ.டார்கெட்' என்று சேர்த்துத் தொடங்குங்கள். ரூட் கடவுச்சொல் கேட்கும், உபுண்டு போல ரூட் பூட்டப்பட்ட டிஸ்ட்ரோவில் அதற்குப் பதில் 'இனிட்' மதிப்பை பாஷ் பாதைக்கு மாற்றி, ரூட் பார்ட்டிஷனை எழுதும் நிலையில் மறுபடி மவுன்ட் செய்து, தானியங்கி லாகின் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு வெளியே வாருங்கள்.